யானையைத் தொட முடியாத இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்

மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலை அதிபர்களுக்கும், கல்விச் சுற்றுலாவுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நமது பாடசாலைகள் பலவற்றில் சுற்றுலாப் பட்டியல் வருடக்கணக்காக மாறுவதே இல்லை: கண்டி, பேராதனைப் பூந்தோட்டம், பின்னவல யானைகள் இல்லம். யானை என்றால் பின்னவல என்றாகிவிட்டது. இம்முறை உடவளவையைச் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இரண்டுக்கும் நாள் போதாது என்றால், பின்னவலயை விட்டுவிட்டு உடவளவைக்கே போங்கள் என்பேன்.

அங்கே வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கிய நிலையம் ஒன்று இருக்கிறது. தாயை இழந்த யானைக்குட்டிகள், கிணற்றிலும் குழியிலும் விழுந்து கூட்டத்தைத் தவறவிட்ட குட்டிகள், காயத்தோடு மீட்கப்பட்டவை எல்லாம் அங்கே வளர்கின்றன. பால் நேரம் தவிர மற்ற நேரத்தில் பற்றைக்காட்டில் ஒன்றாக மேய்ந்து திரியும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால். வாயில் திறந்ததும் சில குட்டிகள் முண்டியடித்து ஓடிவரும். பணியாளர் உயரத்தில் புனலைப் பிடித்துப் பாலை ஊற்ற, குழாயின் மறுமுனையைக் குட்டி வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். தும்பிக்கை தலைக்கு மேலே சுருண்டு நிற்கும். பங்கு முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள். போகமாட்டேன் என்று கத்தும் குட்டியையும் மெல்லத் தட்டி அனுப்பிவிடுவார்கள். அது முனகிக்கொண்டே குழைக் குவியலுக்குப் போகும். அடுத்த குட்டி வந்துவிடும்.

பார்க்க வருகிறவர்கள் தடுப்புக்கு இந்தப்பக்கம்தான் நிற்க வேண்டும். தடவ முடியாது, போத்தலில் பால் கொடுக்க முடியாது, தும்பிக்கையைப் பிடித்துப் படம் எடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தடுப்புக்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய ஐந்து வயதானதும் குட்டிகளைக் கூட்டமாகக் காட்டில் விட்டுவிடுவார்கள். மனிதரிடம் பழகிப்போன யானை காட்டில் நிற்காது, சோறு தேடி ஊருக்குள் வரும். வந்தால் வெடிதான். 1998இல் முதல் தொகுதியை விட்டார்கள். இன்றுவரை நூற்றுக்கு மேல் காட்டுக்குத் திரும்பிவிட்டன. அவற்றில் சில அங்கேயே குட்டியும் ஈன்றிருக்கின்றன.

பின்னவலயைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 1975இல் தொடங்கிய அந்த இல்லம் இல்லாவிட்டால் எத்தனையோ குட்டிகள் செத்திருக்கும். கண்ணிவெடியில் பாதத்தை இழந்த சமா என்ற யானையைப் பல ஆண்டுகள் பராமரித்தது அவர்கள்தான். போரைப் பார்த்த நமக்கு அதன் அருமை விளங்கும். ஆனால் அங்கே வளரும் யானை பெரும்பாலும் காட்டுக்குத் திரும்புவதில்லை. காசு கொடுத்துப் போத்தல் பால் பருக்கிவிட்டு வரும் பிள்ளை, யானை என்றால் நாம் தொட்டு விளையாடத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பிள்ளைகளுக்கோ வேறு யானைதான் தெரியும். இரவில் வீட்டுச் சுவரை இடித்து நெல் மூட்டையை இழுக்கும் யானை, தகப்பன் யானை வெடியோடு காவலிருந்து விரட்டும் யானை. அந்தப் பயம் நியாயமானது. 2023இல் மட்டும் இலங்கையில் 150க்கும் மேற்பட்ட மக்கள் யானைகளால் உயிரிழந்தார்கள். அதே வருடம் செத்த யானைகள் 470க்கும் மேல். துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்வேலி, தீனிக்குள் ஒளித்து வைக்கும், கடித்ததும் வாயிலேயே வெடிக்கும் ஹக்க பட்டாஸ் என்று காரணங்கள் பல. நாம் கொழும்புக்கு ஏறும் மீனகயா ரயிலே 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரு கூட்டத்தில் மோதி, 6 யானைகள் இறந்தன. தாய் செத்தால் பால்குடி மறக்காத குட்டி என்னவாகும் என்று ஒரு பிள்ளை கேட்டால், உடவளவையில் கையை நீட்டிக் காட்டலாம். வயலில் யானையைப் பார்த்து நடுங்கிய பிள்ளையும் அந்தக் குட்டிகளைப் பார்க்க வேண்டும். யானையைப் படத்தில் மட்டும் பார்த்த நகரத்துப் பிள்ளையும் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தால் இன்னும் நல்லது.

சரி, போவதென்றால் சில விஷயங்கள். பாதை மொனராகலை, வெல்லவாய, தணமல்வில வழியாக. பால் கொடுக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, அதற்கு அரை மணி முன்னரே போய்ச் சேருங்கள். பால் கொடுத்து முடிய அதிக நேரம் எடுக்காது. பிந்தினால் வெறும் மேடையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். தணமல்வில வீதியில் மின்வேலியோரம் காட்டு யானைகள் நிற்கும். பஸ்ஸை நிறுத்தி வாழைப்பழம், சோளம் எறியும் பழக்கம் அங்கே இருக்கிறது. தயவுசெய்து பிள்ளைகளை எறிய விடாதீர்கள், சாரதியிடமும் முதலே சொல்லிவிடுங்கள். வீதியோரத் தீனிக்குப் பழகிய யானை வேலியை உடைக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

அடுத்த தவணைச் சுற்றுலாவுக்குக் கூட்டம் கூடும்போது பெற்றோரையும் அழைத்து இதைப் பேசுங்கள். தூரம், செலவு பற்றிக் கேள்வி வரும். பஸ் ஒழுங்கு செய்யவும் கூட வரவும் என்னைப் போன்ற பெற்றோர் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
படுவான்கரைப் பெற்றோர் ஒருவர்