செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: ஒரு போதகரின் நினைவும் நம் மகமையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஐயாமார்களே, ஆச்சிமார்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது பாக்கெட் பலகாரத்துக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. பழைய விலை அச்சிட்ட முறுக்கையும் சீடையையும் எப்படி விற்பது, பில் மெஷினில் எங்கே மாற்றுவது என்று போன் ஓயவே இல்லை. சங்கத்துக்கே வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஆடிட்டருக்கு நன்றி. தெருவிளக்கு மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது.

இனி டிசம்பர் கூட்டம். அதைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டீர்கள்.

ரஸ்ஸல் கான்வெல் என்ற அமெரிக்கப் போதகர் காலமாகி டிசம்பர் 6-ம் தேதியோடு நூறு வருடம் நிறைந்தது. அவரை நினைத்துத்தான் அந்தக் கூட்டம். 1843-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளம், வக்கீல் தொழில், பத்திரிகை என்று சுற்றிவிட்டு பாப்டிஸ்ட் போதகரானார். 1882-ல் பிலடெல்பியா சபைக்கு வந்தார். ஆனால் ஊர் ஊராய்ப் பெயர் வாங்கித் தந்தது பிரசங்கமல்ல, ‘ஏக்கர் கணக்கில் வைரம்’ என்ற ஒரே சொற்பொழிவு. அதையே ஆறாயிரம் முறைக்கு மேல் பேசினார். வைரம் தேடி நிலத்தை விற்றுவிட்டுப் போனவன் அலைந்து சாகிறான். அவன் விற்ற நிலத்திலேயே வைரம் கிடைக்கிறது. அதுதான் கோல்கொண்டா சுரங்கம் என்பார். கதையில் நிலம் சிந்து நதிப் பக்கம். கோல்கொண்டா வைரம் எடுத்ததோ கிருஷ்ணா கரையில். மேடைக் கதைக்கு மேப் எதற்கு என்று விட்டுவிடலாம்.

அவர் சொன்னதில் வியாபாரிகளான நமக்குத் தைத்தது வேறொன்று. சிறுவயதில் அப்பாவின் கடையில் நிற்கிறார். ஒருவர் வந்து மடக்குக்கத்தி கேட்கிறார். இல்லை என்கிறார் பையன். இன்னொருவர் வந்து அதையே கேட்கிறார், அதே பதில். மூன்றாமவரும் கேட்டதும், ஊருக்கெல்லாம் மடக்குக்கத்தி கொடுக்கவா கடை வைத்திருக்கிறோம் என்று எரிந்து விழுகிறார். கூட்டத்தில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. போனைப் பார்த்தபடியே “ஸ்டாக் இல்ல” என்று சொல்லும் பழக்கம் நம் கடைகளில் யாரிடமும் இல்லை என்று நம்புகிறேன்.

அப்புறம் வாதம் சூடானது. பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது கடல் கடந்து போய்த் தொழில் செய்த, குடும்பத்து மூத்த உறுப்பினர் எழுந்தார். “அவர் பேச்சைக் கேட்டுக் கொல்லையைத் தோண்டியிருந்தா நமக்குச் செம்புறாங்கல்தான் கெடச்சிருக்கும். கடல் தாண்டிப் போனதாலதான் இந்த வீடுகளுக்குத் தேக்கு வந்துச்சு” என்றார். அதற்கு ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருப்பவர், கண்ணாடி மேல் சட்டத்தை வைத்துக் கலர் சிமெண்டை ஊற்றும் விதத்தைக் கையாலேயே காட்டி, “எங்க ஊரு மண்ணுலதான் ஐயா எங்க பொழப்பு” என்றார். இரண்டும் சரிதான். போகும் காலத்தில் போனோம், தங்கும் காலத்தில் தங்கியிருக்கிறோம்.

கண்டாங்கிச் சேலை வியாபாரம் செய்யும் ஆச்சி கேட்டதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. பணக்காரனாவது கடமை என்ற கான்வெல், ஏழ்மைக்கு அவரவர் குறைதான் காரணம் என்றும் பேசியிருக்கிறார். “தறி போடுறவுக ஒழைக்காமலா இப்படி இருக்காக?” என்றார் ஆச்சி. அந்தப் பேச்சில் எனக்கும் உடன்பாடில்லை. பணம் சேர்ப்பதைப் புண்ணியமாக்கிவிட்டால் இல்லாதவன் பாவியாகிவிடுகிறான்.

ஆனால் அவர் கைக்கு வந்த பணம் போன வழி வேறு. 1884-ல் அச்சகத் தொழிலாளி ஒருவர், படிக்க ஆசை, பணமில்லை என்று வந்து நின்றார். இரவில் வா, நானே சொல்லித்தருகிறேன் என்றார் போதகர். கூடவே வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள். பகலில் வேலை பார்ப்பவர்களுக்கான அந்த இரவு வகுப்பு 1888-ல் டெம்பிள் கல்லூரியாகி, 1907-ல் பல்கலைக்கழகமானது. சொற்பொழிவுக் கட்டணத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்கே கொடுத்துவந்தார். நமக்கு இது புதிதல்ல. கோட்டையூர் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்துத்தானே காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது? பேரேட்டில் மகமைக்கு, அதாவது வியாபாரத்தில் தர்மத்துக்கென்று எடுத்து வைக்கும் பங்குக்கு, ஒரு பக்கம் ஒதுக்கிய கடைகள்தானே நம் பாட்டன்மார் கடைகள்?

அந்தக் கூட்டத்திலேயே மகமையை மறுபடி தொடங்கத் தீர்மானமானது. விரும்பும் கடைகள் தினவசூலில் தங்களால் முடிந்ததை எடுத்து வைக்கும்; கல்விக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குப் பொங்கல் கழித்துக் கொடுக்கத் தொடங்கினோம். தொகையைப் பொருளாளர் தன் கணக்கில் வாசிப்பார். கொடுத்த கடைகளின் பெயரை வாசிக்கப் போவதில்லை, கொடுக்காதவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இன்று பேரவை முடிவு செய்ய வேண்டியது ஒன்று. மகமை உதவி உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமா, கடைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குமா என்று செயற்குழுவில் இரண்டு பட்டு நிற்கிறோம். வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலில் என்பது என் கருத்து. கணக்கு வாசித்து முடிந்ததும் கை தூக்கிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்