வேலைநிறுத்த நாளிலும் காலை ரயில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் ரயில் எஞ்சின் சாரதிகளோ நிலைய அதிபர்களோ பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினால், புகையிரத சேவையை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனம் செய்து வர்த்தமானி வெளியிடுவதே அரசாங்கங்களின் வழக்கமாகிவிட்டது. 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. மீறுவோருக்குச் சிறைத்தண்டனையும் விதிக்கலாம். ஆனால், வர்த்தமானி வந்த மறுநாளும் ராகம சந்தியில் நிற்பவர்களுக்கு ரயில் வருவதில்லை. 2023 செப்டெம்பரில் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஓடிய ஒருசில ரயில்களின் கூரையிலும் மக்கள் ஏறினார்கள். ஹொரபேயில் ஒருவர் உயிரிழந்தார்.

1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் ஊழியர்கள் வேலையிழந்ததை நினைத்தால், தொழிற்சங்கங்கள் இச்சட்டத்தை அச்சுறுத்தலாகவே பார்ப்பதில் வியப்பில்லை.

இத்தாலியில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வேலைநிறுத்தத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னறிவித்தல் வேண்டும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 மணி வரையும் மாலை 6 முதல் 9 மணி வரையும் பிராந்திய ரயில்கள் ஓடியாக வேண்டும். ஓட வேண்டிய சேவைகளை நிர்வாகமும் சங்கங்களும் முன்கூட்டியே பேசி உடன்படுகின்றன. சுயாதீன ஆணைக்குழு ஒன்று அதை மேற்பார்வை செய்கிறது. பிரித்தானியாவோ 2023இல், வழமையான சேவையில் 40 சதவீதத்தை நடத்துமாறு ஊழியர்களைப் பணிக்க ரயில் நிறுவனங்களுக்குச் சட்டத்தால் அதிகாரம் கொடுத்தது. 2024 ஜனவரியில் ஒரு நிறுவனம் அதைப் பயன்படுத்த முனைந்ததும், சாரதிகள் சங்கம் மேலும் ஐந்து நாள் வேலைநிறுத்தம் அறிவிக்க, அந்நிறுவனம் பின்வாங்கியது. நமது வர்த்தமானிகளின் கதியும் ஏறத்தாழ இதுதான்.

ஆகவே, பிணக்கு எதுவும் இல்லாத நேரத்திலேயே போக்குவரத்து அமைச்சு சாரதிகள், நிலைய அதிபர்கள், கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோரின் சங்கங்களை அழைத்து, கொழும்பு கோட்டைக்கும் மருதானைக்கும் வரும் காலை ரயில்களில் எவை, மாலையில் திரும்புபவற்றில் எவை ஓடும் என எழுத்தில் உடன்பட வேண்டும். சாரதி வந்தாலும் நிலைய அதிபர் இல்லாமல் ரயில் நகராது என்பதால் மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமர்வது அவசியம். பதிலுக்கு, சங்கங்களின் பதவி உயர்வு, வெற்றிடக் கோரிக்கைகளுக்குத் திகதி குறித்துப் பதிலளிக்க அமைச்சும் கட்டுப்பட வேண்டும். அதில்லாமல் அவர்கள் ஏன் கையொப்பமிடப் போகிறார்கள்?

வேலைநிறுத்த நாட்களில் ரயில் பருவச்சீட்டைக் காட்டி இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸில் ஏறலாம் என்ற சலுகை நல்லதுதான், ஏற முடிந்தால். ரயில் ஓடாத நாட்களுக்குப் பருவச்சீட்டின் செல்லுபடிக் காலத்தை நீடிப்பதையும் அதே உடன்படிக்கையில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
புகையிரதப் பயணி ஒருவர்,
நீர்கொழும்பு.