மண்டை ஓடு வேண்டாம், மதகடி வரையுங்கள்

ஆசிரியருக்கு,

ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு நாளையொட்டி டெல்டா மாவட்டப் பள்ளிகளில் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் வைக்கப்படும் என்ற செய்தியைப் படித்தேன். சரி, நல்லதுதான். ஆனால் படம் இப்போதே தெரியும்: மண்டை ஓடு, ஊசி, சங்கிலி. போன வருடம் அப்படி ஒன்றைப் பார்த்த பத்தாம் வகுப்புப் பையன், "சார், இங்க யாரு ஊசி போடுறா?" என்று என்னிடமே கேட்டான். இங்கே போதைப் பழக்கம் தொடங்குவது வாய்க்கால் மதகடியில். அறுத்த வயலில் கிரிக்கெட் ஆடி முடித்ததும் தெரிந்த அண்ணன் ஒருவன் நீட்டுகிற, உதட்டுக்குள் அதக்கும் சின்னப் புகையிலைப் பொட்டலம் அது, குட்கா தடை 2013-லேயே வந்தும். அந்த அண்ணனிடம் 'வேணாம்ணே' என்று முகம் முறியாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் பையனுக்குத் தெரியவேண்டியது, அதைச் சென்னையில் உட்கார்ந்து எழுத முடியாது.

அச்சுக்குப் போகும் முன் ஊருக்கு நாலைந்து இளைஞர்களை, படிப்பை நிறுத்திவிட்டு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர்களையும் சேர்த்துத்தான், உட்காரவைத்துப் படத்தையும் வசனத்தையும் அவர்களிடமே விடலாம். அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி