அப்பா கட்சி மாறினார், நீங்கள் மாறவில்லை

அன்புள்ள வில்லியம் பிராங்க்ளின் அவர்களுக்கு,

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் அரசர் பக்கமே நின்ற உங்களைத் துரோகி என்பவர்கள் ஒன்றை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1763-ல் அமெரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த நியூஜெர்சியின் ஆளுநராக நீங்கள் பொறுப்பேற்றபோது உங்கள் அப்பா பெஞ்சமின் பிராங்க்ளினும் அரசரின் ஆள்தான். காலனிகளின் அஞ்சல் துறையே அவர் கையில் இருந்தது. 1774 ஜனவரியில் லண்டனில் அரசரின் ஆலோசனை சபையான பிரிவி கவுன்சில் முன்னால் அவரை நிற்க வைத்து, நாலு பேர் சிரிக்கச் சிரிக்கத் திட்டித் தீர்த்தார்கள். கையோடு அஞ்சல் பதவியும் போயிற்று. அப்புறம் அமெரிக்க விடுதலைத் தரப்புக்கு மாறியவர் அவர். நீங்கள் இருந்த இடத்திலேயே இருந்தீர்கள்.

1776 ஜூனில் விடுதலைத் தரப்பினர் உங்களைக் கைது செய்து கனெக்டிகட் என்ற பக்கத்துக் காலனிக்குக் கொண்டுபோனார்கள். நிபந்தனையின் பேரில் வெளியே விட்டிருந்தபோது அரசர் பக்கம் திரும்புகிறவர்களுக்கான பிரிட்டிஷ் தரப்பின் மன்னிப்புச் சீட்டுகளை ரகசியமாக வழங்கினீர்கள்; தப்புதான். அதற்காக லிட்ச்ஃபீல்ட் சிறையில் மாதக்கணக்கில் தனியாகப் போட்டு அடைத்தார்கள். 1777-ல் மனைவி எலிசபெத் நியூயார்க்கில் சாகக் கிடந்தார். ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டீர்கள். எதிரணித் தளபதி வாஷிங்டனே இரங்கினார், விடுதலைத் தரப்பின் பேரவையான காங்கிரஸ் இரங்கவில்லை. அப்பாவோ பாரிஸில். உங்கள் மகன் டெம்பிளும் தாத்தாவோடு அங்கேதான்.

இதுவரை நான் உங்கள் பக்கம். ஆனால் 1782 ஏப்ரலில் ஜோஷுவா ஹடி என்ற விடுதலைத் தரப்புப் போர்க்கைதியை விசாரணையே இல்லாமல் தூக்கில் போட்டாரே லிப்பின்காட், அவர் நீங்கள் தலைமை வகித்த அரச விசுவாசிகள் அமைப்பைச் சேர்ந்தவர். மேலிடத்து உத்தரவு என்று நம்பிச் செய்தார் எனச் சொல்லி ராணுவ நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. அந்த மேலிடம் யார்? சிறைதான் உங்களை இப்படி ஆக்கியது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரி, அப்பாவுக்கு வருவோம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போருக்கு ஆதரவாக வாக்களித்த லண்டன் அச்சகக்காரர் ஸ்ட்ராஹனோடு அவர் பழையபடி நட்பாகிவிட்டார். 1784-ல் நீங்கள் சமாதானக் கடிதம் எழுதியபோது மட்டும், ஒரே மகன் முதுமையில் கைவிட்டு எதிராக ஆயுதமும் எடுத்ததைப் போல வேறெதுவும் தன்னை நோகடித்ததில்லை என்று பதில் போட்டார். அடுத்த ஆண்டு சவுத்தாம்ப்டனில் கடைசியாகச் சந்தித்தீர்கள். அங்கேயும் பேச்சு கணக்கு வழக்குதான்: உங்கள் அமெரிக்க நிலங்களை டெம்பிளுக்கு அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கிக்கொடுத்தார்.

உயிலில் உங்களுக்கென்று அவர் ஒதுக்கிய நிலம் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருந்தது. தோற்றுப்போன அரச விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் அகதிகளாகப் போய் இறங்கிய அதே இடம். இதற்குமேல் ஏன் தரவில்லை என்பதையும் அந்த உயிலிலேயே எழுதினார்: போரில் தனக்கு எதிராக நீங்கள் நடந்துகொண்ட விதம் ஊருக்கே தெரியுமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்