சுல்தானா கப்பலில் மாண்டவர்களுக்கு நாடு எழுப்பாத நினைவுச்சின்னம்: அமெரிக்கக் காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டும் ஏப்ரல் 27 வந்து போய்விட்டது. 1865-இல் அதே நாள் அதிகாலையில், மெம்ஃபிஸுக்கு வடக்கே மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்து மாண்ட, அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த போர்வீரர்களுக்கு, உங்கள் அவை எழுப்பிய நினைவுச்சின்னம் என்று காட்ட இன்றுவரை ஒன்றுமில்லை. அதை எழுப்பித் தருமாறு கேட்கவே எழுதுகிறேன்.

அந்தக் கப்பலில் பலர் பயணம் செய்த டென்னசி 3-ஆம் குதிரைப்படையை நீங்கள் அறிவீர்கள். 1861-இல் மாநிலமே பிரிந்து போனபோதும், பிரிவினையை எதிர்த்த ஒன்றிய அரசின் பக்கம் நின்று தாமாக முன்வந்து சேர்ந்த கிழக்கு டென்னசி மக்கள் அவர்கள். 1864 செப்டம்பரில் அலபாமாவில் ரயில்பாதையைக் காத்து நின்றபோது பிரிந்துபோன தென் மாநிலங்களின் தளபதி ஃபாரஸ்டின் படையிடம் பிடிபட்டு, அவர்களில் நூற்றுக்கணக்கானோர் கஹாபா சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

அந்தச் சிறை, கூரைகூட முழுமையாக இல்லாத ஒரு பருத்திக் கிடங்கு. 1865 மார்ச்சில் அலபாமா ஆறு கரைபுரண்டு உள்ளே புகுந்தபோது, அங்கே அடைபட்டிருந்தவர்கள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றார்கள். படுக்க இடமில்லை, சமைக்கத் தீ மூட்ட வழியில்லை. மேட்டுநிலத்துக்கு அழைத்துப் போகுமாறு கெஞ்சியும் சிறை அதிகாரி முதலில் மறுத்துவிட்டார்.

அதையும் தாங்கிப் பிழைத்தவர்களைத்தான், விடுதலையான பிற கைதிகளோடு சேர்த்து, 376 பேருக்கு மட்டுமே அனுமதி பெற்ற கப்பலில் 2,000-க்கும் மேற்பட்டோராக மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான விக்ஸ்பர்கில் நெருக்கி ஏற்றினார்கள். வீரர் ஒருவருக்கு இவ்வளவு என்று அரசு கட்டணம் கொடுத்தது. கசிந்துகொண்டிருந்த கொதிகலனுக்கு அவசரமாக ஒட்டுப் போட்டுக் கப்பலை ஓட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இதற்காக எவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. குற்றவாளி என்று முடிவான ஒரே அதிகாரியின் தீர்ப்பையும் பின்னர் ரத்து செய்துவிட்டார்கள். பகைவரின் சிறையில் சாகாதவர்கள், சொந்த அரசின் அலட்சியத்தால் வீடு திரும்பும் வழியில் செத்தார்கள் என்பதை எப்படி எழுதினாலும் மனம் ஆறவில்லை.

நாக்ஸ்வில்லில் உள்ள மவுண்ட் ஆலிவ் கல்லறைத் தோட்டத்தில் 1916-இல் திறக்கப்பட்ட நினைவுக்கல், உயிர் தப்பிய முதியவர்களின் முயற்சியால் எழுந்தது. அதில் பொறித்த பெயர்களை விரலால் தொட்டுப் படித்திருக்கிறேன். 1930-இல் அவர்களது ஆண்டுக்கூட்டத்துக்கு இந்தப் படையைச் சேர்ந்த பிளெசன்ட் கீபிள் ஒருவர்தான் வந்தார். இனிக் கேட்க அவர்களில் எவரும் இல்லை.

வார்த்தைகள் கடுமையாக இருப்பின் பொறுத்தருள வேண்டும். சுல்தானாவில் இருந்த வீரர் அனைவரின் பெயரோடும் ஒரு தேசிய நினைவுச்சின்னம் எழுப்பத் தீர்மானம் நிறைவேற்றி, அதற்கான நிதியையும் ஒதுக்குமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாக்ஸ்வில்லில் வாழும் ஒரு தமிழர்