டப்பாவைத் தேடுங்கள், பாலத்தைப் பிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த 'குண்டளை ஆற்றோரம் ஒரு புதையல் வேட்டை' கட்டுரையைப் படித்தேன். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய பழைய ரயில் தடத்தில் செல்போனும் கையுமாக நடந்து, விளையாட்டுக்காக யாரோ ஒளித்து வைத்த டப்பாவைக் கண்டுபிடித்த கதை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். அட்டை கடித்ததற்கே முக்கால் பக்கம். ஆனால் நடுவில் ஒரு வரி: "வழியில் மனித நடமாட்டமே இல்லை, இந்த ரயிலின் கதையைச் சொல்ல இன்று இங்கே யாரும் மிச்சமில்லை."

அவர் டப்பா தேடிய கல் பாலத்துக்கு மேலே, கூப்பிடு தூரத்தில் எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அன்றைக்கு அவர் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் எங்கள் வாசலில்தான். கட்டுரைப் படத்தில் இருக்கும் அதே சிவப்புத் தொப்பி. சுக்குக் காப்பி போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். இப்போதுதான் புரிகிறது, ஆளில்லாத இடத்தில் காப்பி எப்படிக் குடிப்பது?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 1902-ல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். பாரம் பெரும்பாலும் அந்த ஒரு கம்பி மேல். வண்டி சாயாமல் இருக்க ஒரு பக்கம் பெரிய சக்கரம் ரோட்டில் உருளும். இழுத்தது மாடு. 1908-ல் இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி இஞ்சின் விட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பெட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடிக்கு மாட்டு வண்டி. எங்கள் தாத்தா போடிப் பக்கத்திலிருந்து குரங்கணி வழியாக மலையேறி வந்து அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர். 1924 ஜூலையில் வந்த வெள்ளம், மலையாளிகள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்களே, அதில் மூணாறே தண்ணீரில் கிடந்தது. பாதை போயிற்று, பாலங்கள் போயின, ரயில் அதோடு சரி. அன்றைய மூணாறு ஸ்டேஷன் கட்டடத்தில் இன்று தேயிலைக் கம்பெனி ஆபீஸ் நடக்கிறது. போடிக்கே ரயில் வந்தது 1928-ல்தான். மலை மேல் ரயில் ஓடிய காலத்தில் கீழே போடியில் ரயில் இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. இதையெல்லாம் எங்கள் லயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

போடி என்றதும் நினைவுக்கு வருகிறது. அகலப் பாதையாக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்திய மதுரை – போடி ரயில், மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூனில். இடைப்பட்ட காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மதுரை போக நாங்கள் பட்ட பாட்டை உங்களுக்கு எழுதினேன். போடவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. டப்பாவுக்கு நான்கு பக்கம் இருந்திருக்கிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து கிள்ளியவள். ஓய்வு பெற்ற கையோடு லயத்து வீட்டைக் காலி செய்திருக்க வேண்டும். மருமகள் அதே எஸ்டேட்டில் வேலை பார்ப்பதால் இன்னும் இங்கே இருக்கிறோம். உங்கள் ஆட்கள் எங்களைப் பார்க்க வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015-ல் நாங்கள் பெண்கள் மட்டுமாக ரோட்டில் உட்கார்ந்தபோது வந்தார்கள். தினக்கூலி 232 ரூபாய், 500 கேட்டோம், 301 கிடைத்தது. 500 என்ன ஆயிற்று என்று கேட்க அப்புறம் ஒருவரும் வரவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேர் மண்ணுக்குள் போனபோதும் வந்தார்கள். செத்தால் நாங்கள் கண்ணுக்குத் தெரிகிறோம். உயிரோடு வாசலில் நின்று தண்ணீர் கொடுத்தால் தெரிவதில்லை.

இன்னொன்று, இதில் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். கட்டுரை முடிவில், "தெம்பு உள்ளவர்கள் டாப் ஸ்டேஷனிலிருந்து அப்படியே குரங்கணிக்கு இறங்கிவிடலாம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேற வந்த பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் கருகிப் போனதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நீங்களே அட்டைப் படம் போட்டீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்று ஒரு வாக்கியம் சேர்க்க மை தீர்ந்துவிட்டதா? எங்கள் பாட்டி சந்தைக்குப் போய் வந்த வழி அது. நாங்களே இப்போது கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறோம்.

இனி டப்பா விஷயம். இது என்ன விளையாட்டு என்று பேரனிடம் கேட்டேன். 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். துல்லியத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதும், அடுத்த ஓரிரு நாளிலேயே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் வாளி ஒன்றை மறைத்து வைத்து, அது இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை இணையத்தில் போட்டு ஆரம்பித்தாராம். ஜியோகேச்சிங் என்று பேர். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் நோட்டில் பேர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்பில் இன்னொன்றை வைக்க வேண்டும். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். விளையாட்டில் இல்லாதவர்கள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும். விதியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கண்ணில் படக் கூடாதவர்கள் நாங்கள்தான் போலிருக்கிறது. ஆனால் இந்த டப்பாவை முதலில் பார்த்தது லயத்துப் பிள்ளைகள். பச்சை டேப் சுற்றிய சாப்பாட்டு டப்பா. உள்ளே ஈரம் ஏறிய நோட்டு, பென்சில் துண்டு, ஒரு சாவிக்கொத்து. எடுத்துப் பார்த்துவிட்டு இருந்தபடியே வைத்துவிட்டார்கள்.

பெரியவர்கள் அப்படி இல்லை. பள்ளத்துக்குள், கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரத்தடியில், போன் பத்து மீட்டர் அங்கேயும் இங்கேயும் காட்டுகிறது. உங்கள் கட்டுரை வந்த பிறகு வருகிறவர்கள் போன் சொல்லும் இடத்தில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் அசைத்துப் பார்க்கிறார்கள். பாலத்தின் கரைப்பக்கக் கல் கட்டு சுண்ணாம்பு உதிர்ந்து வெறும் கனத்தில் நிற்பது. மூலைக் கல் ஒன்றைப் பிடுங்கி ஓடையில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பொந்தில் என் கை முழங்கை வரை போகிறது. மேல்கல் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சிப்ஸ் கவர். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் என்ற விதியை மட்டும் மீறவில்லை.

ஆடி மழையில் அந்த ஓடை பாலத்தின் வளைவு நிறைய வரும். பொந்து வழியாகத் தண்ணீர் மண்ணை அரித்தால் பாதை உட்காரும். கொழுந்துக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் எடை போடும் இடத்துக்குப் போவது அந்தப் பாதையில்தான். பெட்டிமுடிக்குப் பிறகு இந்த மலையில் மழை ராத்திரிகளில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை, ஆசிரியரே. ஒரு கல்தானே என்று எங்களால் இருக்க முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டுரையாளருக்கு டப்பா வைத்தவரைத் தெரியும் என்று அவரே எழுதியிருக்கிறார். அதைக் கல் பாலத்திலிருந்து எடுத்து, எஸ்டேட் ஆபீஸில் கேட்டுக்கொண்டு, ரோட்டோரம் எங்காவது வைக்கச் சொல்லுங்கள். போனில் இடத்தை மாற்றிப் பதிவது சின்ன வேலை என்கிறான் பேரன். பிடுங்கிய கல்லை எங்கள் பையன்கள் ஓடையிலிருந்து எடுத்துக் கரையில் வைத்திருக்கிறார்கள். திருப்பிப் பதிக்கக் கொத்தனார் கூலியை யார் கொடுப்பது என்பதையும் அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மாட்டுப்பெட்டி, இடுக்கி மாவட்டம்.

பி.கு.: பக்கம் முழுக்கப் போட்ட படத்தின் கீழே 'குண்டளை அணை' என்று இருக்கிறது. அது மாட்டுப்பெட்டி அணை. போன வருடமும் இதே படம், இதே தப்பு. அப்போதும் எழுதினேன்.