பீட்டர்ஸ்பர்க்கின் ஒரு மாலை: ரஷ்யப் பயணம் நடத்தும் தமிழக நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ரஷ்யாவுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மாஸ்கோவில் மூன்று இரவு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மூன்று இரவு என்று நீங்கள் வகுத்துத் தரும் பயணத்திட்டத்தில், பீட்டர்ஸ்பர்க் நாள் ஒன்றின் கடைசியில் ‘மாலை: ரஷ்யக் கலாச்சார நிகழ்ச்சி’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றி மட்டுமே இந்த மடலை எழுதுகிறேன். எந்த அரங்கம், எந்தக் குழு, பாலேயா நாட்டுப்புற நடனமா என்ற எதுவும் அந்த வரியில் இல்லை. பயணி பணம் கட்டி, விசா பெற்று, விமானம் ஏறி அங்கே போய் இறங்கும்வரை அவருக்கு அது தெரிவதும் இல்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் என் தாயாருடன் அத்தகைய குழு ஒன்றில் சென்றிருந்தேன். அவருக்கு 68 வயது. சிறுமியாக இருந்தபோது எட்டு ஆண்டுகள் பரதம் பயின்றவர். திருமணத்தோடு அது நின்றுபோயிற்று. எங்கள் பேருந்து பீட்டர்ஸ்பர்க்கின் புகழ்பெற்ற பாலே, ஒபேரா அரங்கமான மரீன்ஸ்கியைக் கடந்தபோது, வெளியே ஒட்டியிருந்த பாலே சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, இன்று மாலை இங்கேதான் வருகிறோமா என்று அவர் ஆவலோடு கேட்டார். குழுவை நடத்தி வந்தவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “அது நம்ம ஆளுங்களுக்குப் புரியாதும்மா. மூணு மணி நேரம் யாரு உட்காருவாங்க? நாட்டுப்புற டான்ஸ்தான் போட்டிருக்கோம், ஜாலியா இருக்கும்.” அவர் நல்ல மனிதர், முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர். அதனால்தான் இந்தக் குறையை அவர் மீது வைக்காமல், இப்படிப்பட்ட முடிவைப் பயணிகளைக் கேளாமல் எடுத்துவிடும் வழக்கத்தின் மீது வைக்கிறேன்.

அன்று மாலை நாங்கள் சென்றது நிக்கொலாயெவ்ஸ்கி அரண்மனைக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முதலாம் நிக்கொலாய் மன்னரின் மகனுக்காகக் கட்டப்பட்டு, புரட்சிக்குப் பிறகு தொழிற்சங்கங்களின் கைக்கு வந்து ‘உழைப்பின் அரண்மனை’ என்று பெயர் பெற்ற கட்டடம் அது. அகன்ற படிக்கட்டில் ஏறி மண்டபத்துக்குள் நுழைந்தால், சராஃபான் என்னும் நீண்ட மரபுடை அணிந்த பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள். ஆண்கள் குந்திய நிலையிலேயே கால்களை மாறி மாறி வீசி ஆடும் பிரிஸ்யாத்கா வரும்போது அரங்கமே கைதட்டுகிறது. பலலாய்க்கா என்னும் முக்கோண நரம்பிசைக் கருவியும் துருத்தி வாத்தியமும் மரக்கரண்டிகளின் தாளமும் சேர்ந்துகொள்கின்றன. எங்கள் குழுவில் இருந்த ஒரு முதியவரை மேடைக்கே அழைத்து ஆடவைத்தார்கள். அவர் முகத்தில் அன்று இருந்த மகிழ்ச்சியை அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் கைபேசியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நிகழ்ச்சியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என் தாயாரும் மனம்விட்டுச் சிரித்தார். ஆனால் அந்த அரண்மனைக்கும் மரீன்ஸ்கி அரங்கத்துக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை என்பதும், எதற்குச் செல்வது என்று எங்களிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பதும் அன்றிரவு முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தன.

‘நம் ஆட்களுக்குப் புரியாது’ என்பது உண்மைதானா? பாலேயில் வசனமே கிடையாது. புரியாமல் போவதற்கு அங்கே மொழி என்று ஒன்று இல்லை. பழைய பாலேக்களில் எஞ்சியிருக்கும் கைச்சாடைகளைப் பாருங்கள்: மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் திருமணம், தலைக்கு மேல் இரு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சுழற்றினால் நடனம், கையை உயர்த்தி இரு விரல்களை நீட்டினால் சத்தியம். முத்திரையையும் அபிநயத்தையும் கோயில் விழாவிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ பார்த்தே வளர்ந்த ஒருவருக்கு இதில் எது புரியாமல் போகும்? ‘அன்ன ஏரி’ பாலேயில் வெள்ளை அன்னமான ஒதெத்தாகவும், இளவரசனை ஏமாற்ற வரும் ஒதீலாகவும் பெரும்பாலும் ஒரே நடனக்கலைஞர்தான் ஆடுகிறார். ஒரே நர்த்தகி கண்ணனாகவும் யசோதையாகவும் நொடியில் மாறுவதைப் பார்த்துப் பழகிய நம் கண்களைவிட அதற்கு ஏற்ற கண்கள் வேறு எவை?

நம்மோடு இதற்குள்ள தொடர்பு இன்னும் நெருக்கமானது. கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து ஒரு தேவதாசியர் குழு 1838இல் பாரிஸ் சென்று ஆடியது. அவர்களுள் அமனி என்ற இளம்பெண்ணின் ஆட்டத்தைக் கண்டு உருகி எழுதியவர் தியோஃபில் கோத்தியே என்ற பிரெஞ்சுக் கவிஞர். அமனிக்கு அங்கே ஒரு சிற்பி வெண்கலச் சிலையும் வார்த்தார். மூன்றாண்டுகள் கழித்து மேடையேறி, இன்றும் மரீன்ஸ்கியில் ஆடப்படும் ‘ஜிசெல்’ பாலேவுக்குக் கதை எழுதியவர்களுள் ஒருவர் இதே கோத்தியேதான். 1858இல் அவர் சகுந்தலையின் கதையைப் பாரிஸ் ஒபேராவுக்காக பாலேயாக எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திப்பா. லூசியனின் தம்பி மரியஸ் பெத்திப்பா, 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் ‘பயடேர்’ பாலேயை அமைத்தார். பயடேர் என்றால் கோயில் ஆடல்மகள். அதில் வரும் இந்தியா நாம் அறிந்த இந்தியா அன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வெள்ளுடை அணிந்த நிழலுருவங்கள் சரிவான மேடைவழியே ஒவ்வொருவராக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி இறங்கி வரும் அந்தக் காட்சியை, இந்தத் தகவலைத் தெரிந்துகொண்டு பார்க்கும் ஒரு கடலூர்க்காரருக்கு என்ன தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள்.

மரீன்ஸ்கி மேடையில் புகழ்பெற்ற பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவாவைச் சொல்லாமல் இதை விட முடியாது. ருக்மிணி தேவி அருண்டேலுக்கு நடனத்தின் மீது தீராத பற்று ஏற்பட்டது பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்துத்தான். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்தியிடம் முதலில் பாலே கற்ற அவரை, உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று திருப்பிவிட்டதும் பாவ்லோவாவே. 1935இல் அடையாற்றில் ருக்மிணி தேவியின் அரங்கேற்றம், 1936இல் கலாக்ஷேத்திரத்தின் தோற்றம் என்று அந்த வரலாறு நீள்கிறது. பாவ்லோவா பயின்ற நடனப் பள்ளி, நீங்கள் எங்களை ஒவ்வொரு முறையும் அழைத்துச் செல்லும் நேவ்ஸ்கி சாலைக்குப் பக்கத்திலேயே, ரோசி தெருவில் இருக்கிறது. 1738இல் தொடங்கிய பள்ளி அது. பேருந்து அந்தப் பக்கம் போகும்போது வழிகாட்டி இதை ஒரு நிமிடம் சொன்னால் போதும். பாலே எங்களுக்கு அந்நியமான பொருளாக இருக்காது.

இதை எல்லாம் சொல்வதால் நாட்டுப்புற நடனத்தைத் தாழ்த்துகிறேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். உயர்ந்தோர் கலை, எளியோர் கலை என்ற பிரிவினையை ரஷ்ய மேடையே ஒப்புக்கொள்வதில்லை. மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் பாலே ஆடிய இகோர் மொய்சேயெவ்தான் 1937இல் நாட்டுப்புற நடனத்துக்கென்று ஒரு முழுநேரக் குழுவை நிறுவி, பாலே கலைஞர்களுக்குரிய அதே கண்டிப்பான பயிற்சியை அதன் ஆட்டக்காரர்களுக்கு அளித்தார். 1948இல் ‘பெர்யோஸ்கா’ குழுவைத் தொடங்கிய நதேழ்தா நதேழ்தினாவும் பாலேயிலிருந்து வந்தவரே. தரையைத் தொடும் ஆடைக்குள் பாதங்கள் நகர்வதே தெரியாமல், பெண்கள் நீரில் மிதப்பதுபோல் வட்டமிடும் அந்த நடை அவருடைய குழுவின் அடையாளமாயிற்று. மறுபுறம், ‘அன்ன ஏரி’யின் அரண்மனைக் காட்சியில் வரும் ஹங்கேரிய, போலந்து, ஸ்பானிய, நேப்பிள்ஸ் ஆட்டங்கள் நாட்டுப்புறத்திலிருந்து பாலேக்குள் புகுந்தவை.

ஆகவே நான் கேட்பது ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பதை அன்று. என் கருத்தைக் கேட்டால், பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே ஒரு மாலை இருந்தால் பாலேக்குப் போகச் சொல்வேன். அந்தக் கலை வளர்ந்த வீடு அது. மாஸ்கோவில் இருக்கும் நாளில் மொய்சேயெவ் குழு வெளியூர்ப் பயணத்தில் இல்லாமல் சைக்கோவ்ஸ்கி மண்டபத்தில் ஆடுகிறதென்றால், தயங்காமல் அதற்குப் போகச் சொல்வேன். சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கும், நெடுநேரம் அசையாமல் உட்கார முடியாதவர்களுக்கும் நிக்கொலாயெவ்ஸ்கி அரண்மனையே தக்கது. ரஷ்யாவில் நிகழ்ச்சிகளுக்கு எந்த வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது என்ற குறிப்பு உண்டு. அதைப் பதிவின்போதே சொல்லிவிட்டால் அங்கே போய்த் திண்டாட வேண்டியிராது.

பயணிகளே தனியாக டிக்கெட் வாங்கிக்கொள்ளட்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். 2022 மார்ச் முதல், ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லுபடியாவதில்லை. சென்னையில் இருந்துகொண்டு அந்த அரங்குகளின் தளத்தில் பணம் செலுத்த ஒரு சாதாரணப் பயணிக்கு வழி இல்லை; அங்கே முகவர் வைத்திருக்கும் உங்களால்தான் அது முடியும். அதனால்தான் இந்த மடல் பயணிகளுக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

பள்ளி விடுமுறையை ஒட்டி நீங்கள் குழுக்களை அழைத்துச் செல்லும் மே, ஜூன் மாதங்களில், மே இறுதி முதல் இருள் முழுமையாகக் கவியாத வெண்ணிரவுகளின் காலம். மரீன்ஸ்கியில் அந்தப் பருவத்தின் விழாவே நடக்கும் நாள்கள் அவை. ஆகஸ்டில் மட்டும் கவனம் தேவை. பெரிய அரங்குகள் பெரும்பாலும் ஓய்வில் இருக்கும் அந்த மாதத்தில், சுற்றுலாப் பயணிகளை நம்பி நடத்தப்படும் பாலே காட்சிகள் சிலவற்றில் இசைக்குழுவே இருக்காது, பதிவு செய்த இசைதான் ஒலிக்கும். அத்தகைய காட்சிக்கு அழைத்துச் செல்வதானால் அதை முன்னரே சொல்லிவிடுங்கள். அதைவிட நல்ல நாட்டுப்புற நடன நிகழ்ச்சி எவ்வளவோ மேல்.

பதிவுப் படிவத்தில் சைவமா அசைவமா என்று கேட்கும் இடத்துக்குக் கீழே, பாலேயா நாட்டுப்புற நடனமா என்று இன்னொரு கேள்வியைச் சேருங்கள். அதனருகே அரங்கின் பெயர், நடனக்குழுவின் பெயர், நேர அளவு, கட்டண வேறுபாடு ஆகியவற்றை எழுதுங்கள். கட்டணம் கூடுமென்றால் கூடட்டும், விரும்புகிறவர் கொடுப்பார். இரு அரங்குகளும் அருகருகே இருப்பதால் ஒரே பேருந்து இரு பிரிவினரையும் இறக்கிவிடலாம். பாலே பெரும்பாலும் ஏழு மணிக்குத் தொடங்கி, இடைவேளைகளோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடக்கும் என்பதால், அன்று மட்டும் இந்திய உணவகச் சாப்பாட்டை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தை அறிவிக்கும் மூன்றாவது மணியோசை ஒலித்த பிறகு வருபவர்களை முன்வரிசைப் பகுதிக்குள் விடமாட்டார்கள் என்பதையும், மேலங்கியைக் காப்பறையில் ஒப்படைத்துவிட்டே உள்ளே போக வேண்டும் என்பதையும் வழிகாட்டி பேருந்திலேயே சொல்லட்டும். மரீன்ஸ்கி பழைய குதிரைலாட வடிவ அரங்கம் என்பதால், பக்கவாட்டு மாடங்களில் சில இருக்கைகளிலிருந்து மேடையின் ஒரு பகுதி தெரியாது; குறைந்த விலைக்காக அவற்றை வாங்கிவிடாதீர்கள். டிக்கெட் கிடைக்காத நாளில், 1833இல் திறக்கப்பட்ட மிகைலோவ்ஸ்கி அரங்கில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள்.

என் தாயாரும் நானும் வரும் ஜூனில் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் செல்ல விரும்புகிறோம். தனியாகப் போகும் துணிவு அவருக்கு இல்லை. தமிழ் பேசும் குழுவோடுதான் வருவார். உங்களுள் எந்த நிறுவனம் அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்க்கிறதோ, அந்த நிறுவனத்திடம் எங்கள் இருவருக்கும் பாலே என்று குறித்து, முன்பணத்தைக் கட்டுவதற்குக் காத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் பயணிகளுள் ஒருவர்